கடப்பாக்கத்தில் முனகிய ஃபிரேம்

அன்று மதியம் மைதானத்தில் இருந்தவர்கள் இவர்கள்: சைக்கிள் மேல் ஏகாம்பரம். கஞ்சிச் சொம்போடு அவர் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்த அவர் மனைவி அஞ்சலை. மைக் செட்காரர். கால் காவலுக்கு என்று மீனவக் குப்பத்தார் உட்காரவைத்திருந்த பெருமாள். சைக்கிளுக்குப் பொறுப்பாக நம் சைக்கிள் கடையிலிருந்து போயிருந்த நான். சுற்றிலும் ஜனம். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் நம் முதலாளி, சாமான் எடுக்க மெட்ராஸ் போயிருந்தார். இன்னொருவர் நமக்கு கேஸ் வெல்டிங் போட்டுத் தருகிறவர், செங்கல்பட்டில் தன் பட்டறையில் இருந்தார். இந்த இருவரில் ஒருவர் அங்கே இருந்திருந்தால்கூட பொறுப்பு என் தலையில் விழுந்திருக்காது.

அடுத்த வாரம் முதல் நான் பஸ் டிப்போ வேலைக்குப் போகிறேன். "போறதுக்கு முன்னாடி புதுப் பசங்களுக்கு நாலு விஷயம் எழுதி வெச்சிட்டுப் போடா" என்றார் முதலாளி. பங்க்சர் ஒட்டுவதையும் ஸ்போக் இழுப்பதையும் அவரே உங்களுக்குச் சொல்லித் தருவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எழுதச் சொன்னால் எனக்குச் சுருக்கமாக எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிற்காமல் சைக்கிள் ஓட்டும் வித்தையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம். அதற்குள்ளேயே ஏழு நாள். சோறு, தூக்கம், குளியல் எல்லாம் சைக்கிள் மேல். ஏகாம்பரத்துக்கு ஊர் கருங்குழி. அவருடைய பிழைப்பே இதுதான். ஒரு ஊரில் கால் கீழே பட்டுவிட்டால் அந்தச் செய்தி அவருக்கு முன்னால் அடுத்த ஊருக்குப் போய்விடும். அதற்கு முந்தைய கோடையில் ஒரு ஊரில் அப்படி ஆகி, பல மாதங்கள் அவரை யாரும் கூப்பிடவில்லை. கடப்பாக்கத்துக் குப்பத்தார் கூப்பிட்டது அதற்குப் பிறகு வந்த முதல் அழைப்பு. இதிலும் கால் பட்டால் புருஷனும் பெண்டாட்டியும் செங்கல் சூளைக்குத்தான் போக வேண்டும் என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார்.

வித்தைக்காரர்களுக்கு நாம் விற்கிற மாதிரி சைக்கிள் ஆகாது. நம் சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் சக்கரம் ஓடும். அது ஃப்ரீவீல் செய்கிற வேலை. இவர்களுக்கு அந்த ஃப்ரீவீலைக் கழுவித் துடைத்து, அசையாதபடி பற்றவைத்துக் கொடுப்போம். அப்புறம் அது ஃபிக்சட் வீல். பின்னால் மிதித்தால் சைக்கிள் பின்னால் போகும். மிதியை அழுத்திப் பிடித்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆனால் சக்கரம் சுற்றுகிறவரை காலும் சுற்றியே ஆக வேண்டும், சும்மா உட்கார்ந்து வர முடியாது. ஏழு நாளும் முட்டி மடங்கி மடங்கி நிமிர வேண்டும். அதனால் அவர்கள் ஃபிரேம் வாங்க வந்தால் முதலில் கையில் தூக்கிப் பார்ப்பார்கள்.

ஏகாம்பரம் கடைக்கு வந்தபோது மூன்று ஃபிரேம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்று கம்பெனி ஃபிரேம், சாதா இரும்பு. இரண்டாவது மெட்ராஸில் பழைய சாமானோடு வந்த சீமை ரேஸ் ஃபிரேம். அதுவும் இரும்புதான், ஆனால் கலப்பு உருக்கு, குழாயின் சுவர் மெல்லிசு. மூன்றாவது அலுமினியம். யாரோ ஒரு பட்டறைக்காரர் குழாய்களைச் சொருகி, போல்ட் போட்டுச் செய்தது. முதலாளி அதை வேடிக்கைக்காக வாங்கி மாட்டியிருந்தார்.

ஏகாம்பரம் அலுமினியத்தை ஒற்றை விரலில் தூக்கினார். முகமெல்லாம் பல்.

"இன்னா தம்பி இது, முருங்கக்காய் மாதிரி கீது! இதையே குடு."

நான் ஸ்பேனரால் மூன்றையும் தட்டிக் காட்டினேன். சாதா இரும்பு 'டொக்' என்றது. சீமை ஃபிரேம் மணி மாதிரி 'டிங்' என்றது. அலுமினியம் பதிலே சொல்லவில்லை, தலையணையைத் தட்டியது போல இருந்தது.

"அண்ணே, மூணுமே என்னிக்காவது ஒருநாள் போவும். எப்படிப் போவும்னு பாருங்க. இந்தக் கம்பெனி ஃபிரேம் வளையும், பெயிண்ட் உரியும், அப்புறமும் மாசக்கணக்குல ஓடும். இந்தச் சீமைக்காரன் சத்தம் குடுப்பான், கேட்டா பொழைச்சோம். இந்த அலுமினியம் இருக்கே, காலையில நல்லா இருக்கும், மத்தியானம் ரெண்டு துண்டா இருக்கும்."

"கம்பெனி ஃபிரேம்ல ஏழு நாள் மிதிச்சா நான் ரெண்டு துண்டா இருப்பேன், பரவால்லியா?" என்று சிரித்தார்.

கடைசியில் சீமை ஃபிரேம்தான் முடிவானது. நானும் சரி என்றேன். இப்போது கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். அதில் எனக்கு இருந்த ஒரே சந்தேகம் அது பழசு என்பதுதான். பழைய ஃபிரேம் நம்மிடம் வருவதற்கு முன்னால் எத்தனை தரம் விழுந்தது, எங்கே மோதியது என்று அது வந்து சொல்லாது. மேலே புதுப் பெயிண்ட் வேறு. அதையும் அவரிடம் சொன்னேன். தன் பழைய சைக்கிளை விற்றுத்தான் அவர் இதை வாங்கினார். ஆகவே மாற்றுச் சைக்கிள் இல்லை, பங்க்சருக்கு என்று இன்னொரு ஜோடி சக்கரம் மட்டும்தான். அதனால்தான் முதலாளி என்னையும் என் சைக்கிளையும் கூடவே அனுப்பிவைத்தார்.

கடப்பாக்கத்தில் குப்பத்தார் விதித்த கட்டுப்பாடு இது: வீரனின் கால் மண்ணில் படக்கூடாது. வீரனின் உடம்பை யாரும் தொடக்கூடாது. சைக்கிளைத் தொடலாம், தூக்கலாம், பிடிக்கலாம். பங்க்சர் ஆனால் நாலு பேர் அவரோடு சேர்த்துச் சைக்கிளைத் தூக்கிப் பிடிப்பார்கள், நான் சக்கரத்தை மாற்றுவேன். கால் படுகிறதா என்று பார்க்க முறை வைத்து ஒரு ஆள் உட்காருவார். அன்று பகல் முறை பெருமாளுடையது. அவர் ஏகாம்பரத்தின் முகத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பார்வை எப்போதும் கணுக்காலில்.

"அண்ணாத்த, நீ எனக்குச் சொந்தக்காரன் இல்ல, விரோதியும் இல்ல. கால் பட்டுச்சுன்னா பட்டுச்சும்பேன். அப்பறம் வருத்தப்படாத" என்று நாளுக்கு இருபது தடவை சொல்வார்.

"நீ என் காலையே பாத்துகினு இருக்க, உன் பொண்டாட்டி கோச்சிக்கப் போறா" என்பார் ஏகாம்பரம்.

ஐந்தாம் நாள் மதியம். காற்று கடலிலிருந்து வந்துகொண்டிருந்தது. மைக்கில் பாட்டு. ஜனம் கேட்டது என்று ஏகாம்பரம் முன்சக்கரத்தைத் தூக்கி இரண்டு தரம் குதித்துக் காட்டினார். மூன்றாவது தரம் சக்கரம் கீழே வந்தபோது, பாட்டுக்கு நடுவில் வேறு ஏதோ ஒரு சத்தம் என் காதில் பட்டது. கதவுக் கீல் முனகுகிற மாதிரி. அவர் அடுத்த சுற்று என்னைக் கடந்தபோது அது இல்லை. அதற்கடுத்த சுற்றில் இருந்தது.

நான் மைக் செட்காரரிடம் ஓடினேன். "பாட்டை நிறுத்துங்க."

"நிறுத்துனா கூட்டம் கலைஞ்சிடும்யா."

அஞ்சலையக்கா என் முகத்தைப் பார்த்தார்.  போய் இசைத்தட்டின் மேலிருந்த ஊசியைத் தானே தூக்கிவிட்டார். மைதானம் அப்படியே அமைதியானது. அலைச் சத்தமும் சங்கிலிச் சத்தமும் மட்டும். பெடல் ஒவ்வொரு முறை கீழே போகும்போதும் ஃபிரேம் முனகியது.

"இன்னாயா ஆச்சு?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

பங்க்சர் என்று சொல்லி நாலு பேரைக் கூப்பிட்டுச் சைக்கிளைப் பிடிக்கச் சொன்னேன். கூட்டத்திடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். கஞ்சி காய்ச்சும் ஸ்டவ்விலிருந்து மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து, கைப்பிடிக்குக் கீழிருந்து பெடலுக்குச் சாய்ந்து வரும் குழாயைத் துடைத்தேன். பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அஞ்சலையக்காவின் பூசைத் தட்டிலிருந்து விபூதியை வாங்கி மேலே பூசினேன். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் மெல்ல வெளியே வரும், வந்து பொடியில் கறுப்புக் கோடு போடும். இதை நீங்கள் கடையில் செய்து பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

கோடு வந்தது. குழாயின் அடிப்பக்கம் முழுக்கக் குறுக்கே போய், இரண்டு பக்கமும் மேலே ஏறத் தொடங்கியிருந்தது. அந்தக் குழாய் விட்டுப்போனால் முன்சக்கரம் பின்னால் மடங்கும். ஓட்டுகிறவர் முகம்தான் முதலில் தரையில் அடிக்கும். அவரோ பாதித் தூக்கத்தில் இருக்கும் மனிதர். கையை ஊன்றக்கூட மாட்டார்.

"தம்பி, சொல்லு" என்றார் ஏகாம்பரம் மேலிருந்து, உதடு அசையாமல்.

"இன்னைக்குச் சாயங்காலம் தாண்டாது அண்ணே."

"கட்டிடு."

பெருமாள் குனிந்து எட்டிப் பார்த்தார். கால் காவல்காரராக இருந்தாலும் மனுஷன்தானே. "கயிறு குடுக்கட்டுமா? எங்க மரத்தையே கயிறுதான் கட்டிக்கினு கீது. அதுல ஏறி நாங்க நடுக்கடலுக்குப் போறம்" என்றார்.

கட்டுமரத்துக்குக் கயிறு கட்டுகிற வீட்டில்தான் நானும் பிறந்தேன். எனக்கும் முதலில் தோன்றியது அதுதான். இரண்டு மூங்கில் பத்தை வைத்து, நனைந்த கயிற்றால் இறுக்கிவிட்டால் அந்த முனகல் உடனே நின்றுவிடும். ஏகாம்பரத்துக்குத் தைரியம் வரும். ஜனத்துக்கு ஒன்றும் தெரியாது. நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான். கட்டுமரத்தில் கட்டைகள் ஒன்றோடொன்று கொஞ்சம் அசையலாம், அசைந்துகொண்டேதான் அது மிதக்கிறது. இந்தக் குழாய் அசையவே கூடாது. கட்டினால் நிற்பது சத்தம் மட்டும், விரிசல் உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த ஃபிரேம் நமக்குச் செய்த ஒரே உபகாரம் சத்தம் கொடுத்தது. அதன் வாயைக் கட்டி, மேலே ஒரு ஆளை உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை.

தம்பிகளே, நீங்கள் ஒன்றை ரிப்பேர் செய்தீர்களா அல்லது அது கெட்டிருப்பதை மறைத்தீர்களா என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

என் சைக்கிள் பந்தல் காலில் சாய்ந்து நின்றது. கம்பெனி ஃபிரேம், சாதா இரும்பு, எருமை கனம். ஆனால் மாற்றுச் சக்கர ஜோடியில் பின்சக்கரம் ஃபிக்சட் வீல். அதை என் ஃபிரேமில் மாட்டினால் ஓடும்.

"அண்ணே, என் சைக்கிளைத் தயார் பண்றேன். இதுல இருந்து அதுக்கு நீங்களாவே தாவணும். யாரும் உங்களைத் தொட முடியாது."

அவர் என் சைக்கிளைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அதை இன்னும் ரெண்டு நாள் மிதிக்கணுமா? இப்பவே எடது முட்டி ஏறி எறங்கறப்ப உசுரு போவுது தம்பி."

அதையும் நான் மறைக்கவில்லை. "முட்டி போனாலும் போவும் அண்ணே. ஃபிக்சட் வீல்ல கனமான வண்டின்னா, நீங்க நிறுத்தணும்னு நெனச்சாலும் அது உங்க காலை இழுத்துகினு போவும். இங்கயே எறங்கிட்டா முட்டியும் தப்பும், மூஞ்சியும் தப்பும்" என்றேன்.

"எறங்கறதா? நீ இன்னா பேசற?"

 அஞ்சலையக்கா சொம்பைக் கீழே வைத்தார். "யோவ், முட்டி போனா நான் கட்டுப் போட்டுப் பாத்துக்கறேன். மூஞ்சி மண்டையெல்லாம் போனா எவன் பாப்பான்? எறங்கறியா, மாறறியா, ரெண்டுல ஒண்ணு. இதுலயே ஓட்டறதுன்னு மட்டும் சொல்லாத." பிறகு என்னிடம் திரும்பி, "நீ இன்னா மரமாட்டம் நிக்கற? கழட்டு" என்றார்.

கழற்றினேன். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், பிரேக் கம்பிகள், மணி. கனம் குறைகிற எதையும் விட்டுவைக்கவில்லை. பின்சக்கரம் ஒரு சுற்று சின்னது, பிரேக்குக்கு ஒத்துவராது. பிரேக்தான் போய்விட்டதே, பரவாயில்லை. சங்கிலியில் இரண்டு கண்ணியை எடுத்துவிட்டு மாட்டினேன். மைக்கில் பொறுமையாகப் பேசிக் கூட்டத்தை நிறுத்திவைக்க மைக் செட்காரர் படாதபாடு பட்டார். ஆனால் யாரும் போகவில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

இரண்டு சைக்கிளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். என்னுடையதை ஒருவன் தள்ளிக்கொண்டு ஓட, ஏகாம்பரம் ஓட்டிக்கொண்டே தாவலாம் என்று சிலர் சொன்னார்கள். ஃபிக்சட் வீலைத் தள்ளினால் பெடல் தானாகச் சுற்றும், அவர் கணுக்காலை அடித்து உடைத்துவிடும். அதனால் நிறுத்தி வைத்துத்தான் தாவ வேண்டும். பிடித்திருந்த நாலு பேருக்கும் வலை இழுக்கிற கை. ஆளுக்கு ஒரு பக்கம் ஹேண்டிலை முறுக்கினால் விரிசல் அங்கேயே திறந்துவிடும்.

"ஹேண்டிலைத் தொடாதீங்க! சக்கரத்து அச்சை மட்டும் பிடிங்க!"

ஏகாம்பரம் வலது காலைத் தூக்கப் பார்த்தார். கால் எழும்பவில்லை. ஐந்து நாள் ஒரே மாதிரி மடங்கிய இடுப்பு அது. மறுபடி முயன்றார். ஃபிரேம் முனகியது.

"வரல" என்றார். "காலு வரல அஞ்சல."

பெருமாள் அப்போது தரையில் குப்புறப் படுத்திருந்தார். கன்னம் மண்ணில், கண் ஏகாம்பரத்தின் பாதத்துக்கும் தரைக்கும் நடுவில். அங்கிருந்தே கத்தினார். "யோவ், நின்னுகினு தாண்டாத! அலையில மரத்துல எப்படி ஏர்றோம்? வயித்தை வெச்சுப் படு! படுத்து வா! கால் பின்னால தானா வரும்!"

ஏகாம்பரம் புரிந்துகொண்டார். இரண்டு கையையும் என் சைக்கிளின் பார் மேல் ஊன்றினார். நெஞ்சைச் சாய்த்தார். வயிற்றை சீட்டின் மேல் போட்டுத் தொங்கினார். பாதி உடம்பு அங்கே, பாதி இங்கே. வலது கால் பழைய சீட்டைத் தேய்த்துக்கொண்டு வழுக்கி வந்தது. இடது கால் பெடலை விட்டு நழுவிக் கீழே தொங்கியது. கட்டைவிரல் மண்ணுக்கு மேல் ஒரு விரற்கடை. கூட்டத்தில் ஒரு பெண் ஓவென்று அலறினாள். என் கை தானாக அவர் காலைத் தாங்கப் போனது.

"தொடாத!" என்று அஞ்சலையக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அந்தக் கால் நடுங்கிக்கொண்டே மேலே போனது. முழங்கால் பாரைப் பிடித்தது. அவர் உருண்டு, எழுந்து, உட்கார்ந்தார். பாதம் பெடலைத் தேடிப் பிடித்தது.

யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் பெருமாளைப் பார்த்தார்கள். அவர் மெதுவாக எழுந்து, கன்னத்து மண்ணைத் துடைத்தார்.

"படல" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பெரிசாக, "படலடா! என் கண்ணால பாத்துச் சொல்றேன், படல!"

ஊசி மறுபடி தட்டில் இறங்கியது. ஏகாம்பரம் எருமையைக் கிளப்பினார். பழைய சைக்கிளைப் பிடித்திருந்தவர்கள் சந்தோஷத்தில் அதை விட்டுவிட்டார்கள். அது பக்கவாட்டில் விழுந்தது. விழுந்த வேகத்தில் கைப்பிடியும் முன்சக்கரமும் ஒரு பக்கம், மீதி ஒரு பக்கம். அஞ்சலையக்கா அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு கஞ்சிச் சொம்பை எடுத்துக்கொண்டு புருஷன் பக்கத்தில் நடக்கத் தொடங்கினார்.

ஏழாம் நாள் சாயங்காலம் சுண்ணாம்பு வட்டத்துக்குள் குப்பத்தார் வேட்டி விரித்தார்கள். அவர் அதன் மேல்தான் இறங்கினார். இறங்கினார் என்று சொல்வது மரியாதைக்கு. இடது கால் நிமிரவே இல்லை, சாய்ந்தார், பிடித்துக்கொண்டோம். ஆனால் அந்த வருஷம் முழுக்க அவருக்கு அழைப்பு வந்தது. கடப்பாக்கத்தில் சைக்கிள் விட்டுச் சைக்கிள் பாய்ந்த வீரர் என்றே மைக்கில் சொன்னார்கள்.

உங்களிடம் வந்து, இரும்பு நல்லதா, உருக்கு நல்லதா, அலுமினியம் நல்லதா என்று கேட்பார்கள். நல்லது என்று ஒன்றைக் காட்டி அனுப்பிவிடாதீர்கள். இது எப்படி உடையும், உடையும்போது யார் மேல் விழும், உடையாமல் இருப்பதற்கு யார் சுமக்க வேண்டும் என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்று லேசான ஃபிரேம் அவர் முகத்தைக் கேட்டது. கனமான ஃபிரேம் முட்டியைக் கேட்டது. எதைக் கொடுப்பது என்று முடிவு செய்தது அவரும் அவர் மனைவியும். என் வேலை, இரண்டு விலையையும் ஒளிக்காமல் சொன்னது மட்டும்தான். சொல்லாமல் இருந்திருந்தால் அதற்குப் பிறகு அஞ்சலையக்கா நம் கடை வாசலை மிதித்திருக்க மாட்டார்.

போன மாதம்கூட வந்தார், ஒரு டியூப் வாங்க. அண்ணன் கால் எப்படி என்று கேட்டேன். நடக்கிறார், ஆனால் படி ஏறினால் வலிக்கிறதாம். பெரியாஸ்பத்திரிக்கு அலைந்தது, புத்தூர்க் கட்டு, தைலம், போகவர பஸ் சார்ஜ் எல்லாம் விரல்விட்டுச் சொன்னார். அந்த முட்டிக்கு அவர்களுக்கு ஆனது நானூற்று அறுபது ரூபாய்.